31 வயதில் ராணுவ விமானி ஆக முடியுமா? வயது வரம்பு, விலக்கு பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 தொடுவானம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு 31 வயது முடிகிறது. கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம், எட்டு வருடமாக மென்பொருள் வேலை. சிறு வயதிலிருந்தே விமானப்படை விமானி ஆக வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். க்ரீன் கார்டுக்குக் காத்திருந்ததிலேயே பல வருடம் போய்விட்டது. குடியுரிமை கைக்கு வந்தது போன வருடம்தான்.

சென்ற வாரம் ஆள்சேர்ப்பு அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் என் வயதைக் கேட்டதும், "விமானி வேலைக்கு நீங்கள் தாமதம், வேறு பிரிவு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் ஒருவர் 30 என்கிறார், ஒருவர் 33 என்கிறார், இன்னொருவர் 42 வரை சேரலாம் என்கிறார். வயதுக்கு விலக்கு, அதாவது வேவர், வாங்கிச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்களாம்.

எனக்கு இரண்டு கேள்விகள். உண்மையான வரம்பு எது? விலக்கை நம்பி இதில் இறங்கலாமா? தனியார் விமானி உரிமத்துக்காக இதுவரை 38 மணி நேரம் பறந்திருக்கிறேன். கண்ணாடி போடுகிறேன், பவர் அதிகம் இல்லை.

#2 கணக்கன்

ஏர் நேஷனல் கார்டில், அதாவது மாநிலந்தோறும் இருக்கும் பகுதி நேர விமானப்படையில் (சுருக்கமாக 'கார்டு'), விமானப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். விமானி இல்லை. ஆனால் எங்கள் பிரிவுக்கு வரும் விமானி விண்ணப்பதாரர்கள் பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எண்களைப் பிரித்துவிடுவோம். 42 என்பது விமானப்படையில் பொதுவாகச் சேர்வதற்கான உச்ச வயது. 2023 அக்டோபரில் அதை 39-லிருந்து உயர்த்தினார்கள். விமானிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 30 என்பது விமானிப் பயிற்சியின் பழைய வரம்பு. 2020-ஐ ஒட்டி, விமானிப் பற்றாக்குறை சுமார் 2,000 பேர் என்று பேசப்பட்ட காலத்தில், அதை 33 ஆக்கினார்கள். அந்த அலுவலகத்தில் உங்களிடம் பேசியவர் பழைய எண்ணை மனதில் வைத்திருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த 33 எந்தத் தேதியில் பார்க்கப்படுகிறது? விண்ணப்பிக்கும் நாளில் இல்லை. தேர்வாகும் நாளிலும் இல்லை. விமானிப் பயிற்சி வகுப்பு தொடங்கும் நாளில் நீங்கள் 33-வது பிறந்தநாளைத் தாண்டியிருக்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே" என்று நிதானமாக இருந்து வாய்ப்பை இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் 31 என்றால், 33 முடிய 26 மாதம் இருக்கிறது. கார்டு வழியாகப் போனால் முதலில் ஒரு பிரிவு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல பிரிவுகள் வருடத்துக்கு ஒரு முறைதான் விமானி நேர்காணல் நடத்தும். அதற்குச் சராசரியாக ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வான பிறகு ஆரம்ப மருத்துவப் பரிசோதனை. அது முடிந்து ஓஹையோவில் ரைட்-பேட்டர்சன் விமானதளத்தில் விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. அப்புறம் கோப்பு மேலிடத்துக்குப் போகும். பாதுகாப்புச் சோதனை நடக்கும். அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் அதிகாரிப் பயிற்சி, தொடக்கப் பறத்தல், அதற்குப் பிறகுதான் உண்மையான விமானிப் பயிற்சி. தேர்வாகும் நாளிலிருந்து அந்த வகுப்பு தொடங்க ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் ஆவது சாதாரணம்.

நடுவாக 18 மாதம் என்று வைத்தால் 6 + 18 = 24. கையில் இருப்பது 26. அதனால் உங்களுக்கு இப்போது விலக்கு தேவையே இல்லை, ஆனால் ஆறு மாதம் சும்மா இருந்தால் தேவைப்படும். உங்கள் நிலைமையை இப்படித்தான் நான் பார்க்கிறேன்.

#3 சுழலி

கணக்கன் சொன்னதோடு தரைப்படையின் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன், வாரண்ட் அதிகாரி (சிப்பாய்க்கும் முழு அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவி). விலக்கோடு சேர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கம்.

தரைப்படை வாரண்ட் அதிகாரி விமானிக்குப் பட்டம் தேவையில்லை, பள்ளிப் படிப்பு போதும். வயதைப் பார்ப்பது தேர்வுக் குழு கூடும் நேரத்தில், 33-வது பிறந்தநாளுக்கு முன்பு. பயிற்சி தொடங்கும் நாளைப் பார்ப்பதில்லை என்பதால் தாமதமாக வருபவர்களுக்கு இது கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். அதைத் தாண்டியவர்களுக்கு விலக்குக் கோரிக்கை தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்.

நான் விண்ணப்பித்தபோது எனக்கு 33 தாண்டி ஐந்து மாதம். முதல் கோப்பு திரும்பி வந்துவிட்டது. காரணத்தை இப்போது படித்தால் எனக்கே தெரிகிறது. விலக்குக் கடிதத்தில் "பறப்பது என் கனவு, வாழ்நாள் ஆசை" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படிக்கும் அதிகாரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கூட இருந்த ஒரு மூத்த வாரண்ட் அதிகாரிதான் உட்கார வைத்து மாற்றி எழுதச் சொன்னார். இரண்டாவது கடிதத்தில் ஆசை என்ற சொல்லே இல்லை. அவசர மருத்துவ ஊர்தியில் ஆறு வருடம் வேலை பார்த்தது, இரவு நேரத்தில் நெருக்கடியில் முடிவெடுத்த பழக்கம், உடற்தகுதித் தேர்வு மதிப்பெண், பறந்த மணிக்கணக்கு, பத்து வருடச் சேவைக் கட்டாயத்தை முடிக்கும்போது என் வயது என்ன, அதற்குப் பிறகும் நான் இருக்கத் தயாராக இருப்பது. அவ்வளவுதான். அது நிறைவேறியது.

தம்பி, உங்களுக்கு விலக்கு தேவைப்படாமலே போகலாம். ஆனால் தேவைப்பட்டால் இதை நினைவில் வையுங்கள். உங்களை விதிவிலக்காக எடுத்துக்கொண்டால் படைக்கு என்ன கிடைக்கும் என்ற ஒரு கேள்விக்குத்தான் அந்தக் காகிதம் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சிஃப்ட் என்ற விமானத் தகுதித் தேர்வு. 20 முதல் 80 வரை மதிப்பெண், 40 வந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றுவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுத விடமாட்டார்கள். தோற்றால் இன்னும் ஒரே ஒரு முறைதான். "சும்மா ஒரு முறை எழுதிப் பார்க்கலாம்" என்று போகவே கூடாத தேர்வு அது.

#4 கரும்பாறை

எல்லோரும் நம்பிக்கை கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் வயது வரம்பு சும்மா போட்டதில்லை. போர் விமானத்தில் 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசை வரை, உடம்பு தாங்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் எதிர்வினை வேகம் குறையும், முதுகு தாங்காது. உடம்பு விதிக்கும் வரம்புக்கு விலக்கு கொடுத்து என்ன பயன்?

#5 வெண்சிறகு

நான் இந்திய விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். கரும்பாறை அவர்களின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் அது சரியில்லை.

போர் விமானப் படைப்பிரிவு ஒன்றின் தலைவரைப் பாருங்கள். பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். அவர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதோடு நிற்பதில்லை, தன் கீழுள்ள இளம் விமானிகளோடு அதே விமானத்தில் அதே ஜி-யை வாங்குகிறார். உடம்புதான் காரணம் என்றால் அவரை 33-லேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும். மருத்துவத் தகுதியை ஒவ்வொரு வருடமும் தனியாகச் சோதிக்கிறார்கள், அது வேறு வாசல்.

நுழைவு வயதுக்கு உண்மையான காரணம் பணமும் ஆண்டுக்கணக்கும். 2019-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சி-17 சரக்கு விமான விமானியை அடிப்படைத் தகுதி வரை உருவாக்கச் சுமார் 11 லட்சம் டாலர். எஃப்-16 விமானிக்கு 56 லட்சம். எஃப்-22 விமானிக்கு 1 கோடியே 9 லட்சம். இவ்வளவு செலவழித்த பிறகு அந்த ஆள் எத்தனை வருடம் பறப்பார் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? அதனால்தான் அமெரிக்க விமானப்படை, பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து வருடம் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. தரைப்படையும் 2020-ல் ஆறு வருடத்தைப் பத்தாக்கியது. 33-ல் தொடங்குபவர் பயிற்சி முடித்து, பத்து வருடம் பறந்து, 45-ஐ நெருங்கும்போது கட்டாயம் முடிகிறது. பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அந்த 33 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும்.

பணமும் ஆண்டுக்கணக்கும்தான் காரணம் என்பதால்தான் அந்த எண் நகர்கிறது. உடம்பு காரணமாக இருந்தால் ஆள் பற்றாக்குறை வந்ததும் 30 எப்படி 33 ஆகும்?

#6 கணக்கன்

வெண்சிறகு ஐயா சொன்னதற்கு வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. முதன்முதலில் ஒலியின் வேகத்தைத் தாண்டிய சக் யீகர் 1941 செப்டம்பரில் 18 வயதில் படையில் சேர்ந்தபோது விமானப் பழுதுபார்ப்பவர். விமானிப் பயிற்சிக்கு அவருக்கு வயதும் போதவில்லை, படிப்பும் போதவில்லை. குறைந்தது 20 வயதும் இரண்டு வருடக் கல்லூரியும் வேண்டும் என்று விதி. சில மாதத்தில் பேர்ல் துறைமுகத் தாக்குதல். 1942 தொடக்கத்தில் வயதை 18 ஆக இறக்கி, கல்லூரி நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். 1943 மார்ச்சில் யீகருக்கு விமானியின் சிறகுச் சின்னம் கிடைத்தது. ஆளும் அதே ஆள், கண்ணும் அதே கண். மாறியது படையின் தேவை மட்டும்தான்.

பெண்களுக்கும் அப்படியே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்களின் வாஸ்ப் அமைப்பில், ஜாக்குலின் காக்ரன் தலைமையில், முதலில் 21 வயது வேண்டும் என்றார்கள், பிறகு பதினெட்டரை ஆக்கினார்கள். 25,000-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள்.

#7 கரும்பாறை

போர்க்காலத்தை வைத்து அமைதிக் காலத்தை அளக்க முடியாது. ஆனால் படைத்தலைவர் வயது பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன், அப்படி யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம். தேவையைப் பொறுத்துத்தான் வரம்பு நகரும் என்றால், விலக்கை நம்பித் திட்டம் போடுவது இன்னும் ஆபத்து இல்லையா? இந்த வருடம் தேவை இருக்கும், அடுத்த வருடம் இருக்காது.

#8 சுழலி

முழுக்கச் சரி. நான் விலக்கு வாங்கியவள்தான், ஆனாலும் விலக்கை வைத்துத் திட்டம் போடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்த வருடத்துக்கு அடுத்த வருடம், என்னைவிட நல்ல கோப்பு வைத்திருந்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அவர் என் நெருங்கிய நண்பர். அந்த மின்னஞ்சல் வந்த அன்று அவர் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

அதனால் தொடுவானம் தம்பிக்குச் சொல்வது, கையில் இருக்கும் 26 மாதத்தை வைத்து வேலை செய்யுங்கள். விலக்குக் கடிதம் பெட்டியில் இருக்கட்டும்.

#9 தொடுவானம்

இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, மனதார நன்றி. விலக்கு வேண்டுமா என்று கேட்டு வந்தேன். வகுப்பு தொடங்கும் நாள்தான் கேள்வியே என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கார்டு பிரிவுகளை எப்படி அணுகுவது? நேராக விண்ணப்பம் அனுப்பினால் போதுமா? இன்னொன்று, என் அப்பா அம்மாவும் தங்கையும் இந்தியாவில் இருக்கிறார்கள். என்னிடம் ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் இது தடையா?

#10 கணக்கன்

விண்ணப்பம் மட்டும் போதாது. கார்டில் உங்களைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிரிவின் விமானிகளேதான். அடுத்த இருபது வருடம் இவரோடு ஒரே விமான அறையில் உட்கார முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். மாதத்துக்கு ஒரு வார இறுதியில் பயிற்சி நாள் வரும். அந்தப் பிரிவின் விமானி ஆள்சேர்ப்புத் தொடர்பாளருக்கு எழுதி, அன்றைக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். போனால் அதிகம் பேசாமல் கேளுங்கள், அவர்கள் என்ன விமானம் ஓட்டுகிறார்கள், என்ன பணி செய்கிறார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள். போர் விமானப் பிரிவுக்கு ஏராளமானோர் வருவார்கள். எரிபொருள் நிரப்பும் விமானம், சரக்கு விமானம் ஓட்டும் பிரிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வயதுக்கு அங்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

போவதற்கு முன்பே அதிகாரித் தகுதித் தேர்வையும், கை-கண் ஒத்திசைவைப் பார்க்கும் கணினித் தேர்வையும் முடித்துவிடுங்கள். இரண்டையும் பறந்த மணி நேரத்தையும் சேர்த்து 1 முதல் 99 வரை ஒரு விமானி மதிப்பெண் வரும். உங்கள் 38 மணி நேரம் அதில் நேரடியாகக் கூடும். உரிமத்தை முடித்துவிட்டால் இன்னும் நல்லது.

பாதுகாப்புச் சோதனை பற்றி. பெற்றோர் இந்தியாவில் இருப்பது தடை இல்லை, ஆனால் நேரம் எடுக்கும். கடந்த பத்து வருடத்தில் குடியிருந்த ஒவ்வொரு முகவரி, பார்த்த வேலை, அதோடு வெளிநாட்டுப் பயணங்கள், நெருங்கிய வெளிநாட்டு உறவுகள் எல்லாம் எழுத வேண்டும். ஓசிஐ இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து. இன்றைக்கே ஒரு கோப்பில் எழுதத் தொடங்கினால், படிவம் வரும் நாளில் ஒரு மாதம் மிச்சமாகும். உங்கள் கணக்கில் ஒரு மாதம் என்பது பெரிய விஷயம்.

#11 கண்மணி

கண் பரிசோதனைத் துறையில் வேலை பார்க்கிறேன். வயது விலக்கும் மருத்துவ விலக்கும் வேறு வேறு. போகிற வழியும், முடிவெடுக்கும் ஆளும் வேறு. வயதில் எல்லாம் சரியாக இருந்து, மருத்துவ விலக்குக்காகக் காத்திருந்த மாதங்களில் வயது தாண்டிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.

கண்ணாடி போடுவது தானாகத் தடையாகாது. லேசர் சிகிச்சை செய்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் யாரும் சொல்லாமல் நீங்களாக அவசரப்பட்டுச் செய்துகொள்ளாதீர்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர் அளவுகள், கருவிழியின் தடிமன் எல்லாம் ஆவணமாகக் கேட்பார்கள், அதற்குப் பிறகு காத்திருப்புக் காலமும் உண்டு. உங்களிடம் அதற்கு மாதங்கள் இல்லை. நிறப்பார்வை மட்டும் மிகக் கறாரானது. விமானப்படை மூன்று நிறங்களையும் கணினியில் தனித்தனியாகச் சோதிக்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் 55 மதிப்பெண்ணாவது வேண்டும். இதை இந்த வாரமே வெளியில் ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். அதில் தோற்றால் மற்ற எல்லாம் வீண்.

சிறு வயதில் ஆஸ்துமா இருந்ததா? 13 வயதுக்குப் பிறகு மருந்து எடுத்திருந்தால் அதுவும் தனிக் கோப்பு.

#12 தொடுவானம்

ஆஸ்துமா இல்லை அக்கா. நிறப்பார்வைக்கு நாளைக்கே நேரம் வாங்குகிறேன். என் உயரம் 5 அடி 3 அங்குலம். குறைந்தது 5 அடி 4 வேண்டும் என்று படித்தேன். அதுவும் ஒரு கவலை.

#13 வெண்சிறகு

அது பழைய விதி. 5 அடி 4 அங்குலம் முதல் 6 அடி 5 வரை என்று இருந்ததை 2020 மே மாதத்தில் அமெரிக்க விமானப்படை எடுத்துவிட்டது. அதற்கு முன்பும் 2015 முதல் 2019 வரை உயரத்துக்கு விலக்குக் கேட்டவர்களில் 87 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. ஆனால் விதியைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இப்போது உட்கார்ந்த உயரம், கை நீளம், கால் நீளம் எல்லாம் அளந்து எந்த விமானத்துக்குப் பொருந்துவீர்கள் என்று பார்க்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பழைய செய்தி உண்டு. 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்கு அருகில் இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. இருக்கையையும் மிதிபலகையையும் நகர்த்தக் கூடியதாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுப்பெற்றது. ஆளை இருக்கைக்குப் பொருத்துவதை விட்டு, இருக்கையை ஆளுக்குப் பொருத்த ஆரம்பித்தார்கள்.

#14 நெய்தல்23

ஐயா, நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன். இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 23 வயது 4 மாதம். இந்திய விமானப்படையில் பறக்கும் பிரிவுக்கு இப்படி வயது விலக்குக் கேட்க வழி இருக்கிறதா?

#15 வெண்சிறகு

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. ஆனால் பதில் உனக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் இருப்பதுபோல் தனி மனிதர் கேட்டு வாங்கும் வயது விலக்கு இங்கே பறக்கும் பிரிவுக்கு இல்லை. அஃப்கேட் (விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு) வழியாக 20 முதல் 24 வரை. பயிற்சி தொடங்கும் நாளை வைத்து, இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே அச்சடித்துவிடுவார்கள். சிடிஎஸ் (முப்படைக்கும் பட்டதாரிகளுக்கான தேர்வு) வழியாகவும் அதே வயது. என்டிஏ (பள்ளி முடித்தவர்கள் சேரும் தேசிய பாதுகாப்பு அகாடமி) என்றால் பதினாறரை முதல் பத்தொன்பதரை, அது உனக்கு முடிந்துவிட்டது.

ஒரே ஒரு தளர்வு உண்டு, அது எல்லோருக்கும் பொதுவாக விதியிலேயே இருக்கிறது. டிஜிசிஏ (இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வழங்கிய செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை. அதற்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், செலவு பெரிது. கடன் வாங்கி அந்த உரிமத்தை எடுப்பது விமானப்படையில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் என்றால் வேண்டாம். பயணிகள் விமானத் துறைக்கும் போகத் தயாராக இருந்தால் யோசிக்கலாம்.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் பிறந்த தேதி பதினோரு நாள் முந்திப் போனதால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. பறப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரனாக வந்திருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எந்த மேசையிலும் அவன் கடிதம் கொடுக்க முடியவில்லை. இந்தியாவிலும் ஒரு சின்ன வாசல் திறக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அவன்தான் காரணம்.

#16 நெய்தல்23

அப்படியானால் எனக்கு எத்தனை வாய்ப்பு மிச்சம் இருக்கிறது?

#17 வெண்சிறகு

அஃப்கேட் வருடத்துக்கு இரண்டு முறை. ஆனால் இன்றைக்கு அறிவிக்கப்படும் தேர்வின் பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்கும், வயது பார்ப்பது அந்த நாளில். எட்டு மாதத்தில் உனக்கு 24. அதனால் அடுத்து வரும் அறிவிப்பில் பிறந்த தேதி வரிசையை முதலில் படி. அதில் நீ வெளியே இருக்க வாய்ப்பு அதிகம், தம்பி. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உள்ளே இருந்தால் அது கடைசி வாய்ப்பு என்று நினைத்துப் படி.

உள்ளே இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள். தேர்வு வாரியத்தில் நடக்கும் சிபிஎஸ்எஸ் என்ற கணினி விமானித் தேர்வு வாழ்நாளில் ஒரே முறை. தோற்றால் பறக்கும் பிரிவு முடிந்தது, எத்தனை வயது மிச்சம் இருந்தாலும் சரி. கால் நீளம் 99 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 162.5-க்குக் குறையக் கூடாது. வீட்டுச் சுவரில் இன்றைக்கே அளந்து பார்.

பறக்கும் பிரிவு கிடைக்காவிட்டால் தரைப் பிரிவுகளுக்கு 26 வரை இருக்கிறது. அதை இரண்டாம்தரம் என்று நினைக்காதே. நான் பத்திரமாகத் தரையிறங்கிய ஒவ்வொரு நாளும் அவர்கள் பார்த்த வேலையால்தான்.

#18 கரும்பாறை

நெய்தல் தம்பி, என் அண்ணன் மகன் பறக்கும் பிரிவு கிடைக்காமல் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தான். முதல் வருடம் யாரிடமும் பேசமாட்டான். இப்போது விடுமுறைக்கு வந்தால் என்ஜினைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் வருத்தத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அப்படியும் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லத் தோன்றியது.

#19 நெய்தல்23

நன்றி அண்ணா, நன்றி ஐயா. கால் 101 வருகிறது. அறிவிப்பு வந்ததும் தேதியைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

#20 தொடுவானம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நிறப்பார்வைச் சோதனை முடிந்தது, இரண்டு கண்ணிலும் எல்லா நிறத்திலும் 90-க்கு மேல். பறந்த மணி நேரம் 46 ஆகிவிட்டது. அதிகாரித் தகுதித் தேர்வுக்கு அடுத்த மாதம் இடம் கிடைத்திருக்கிறது. பத்து வருட முகவரிப் பட்டியலில் இரண்டு வீட்டின் கதவு எண்கள் மறந்துவிட்டன, அப்பா பழைய கடித உறைகளைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினார்.

ஐந்து பிரிவுகளுக்கு எழுதினேன். இரண்டில் பதில் இல்லை. ஒன்றில் இந்த வருட நேர்காணல் முடிந்துவிட்டது. எரிபொருள் நிரப்பும் விமானப் பிரிவு ஒன்று அடுத்த பயிற்சி வார இறுதிக்கு வரச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, ஆறு மாதத்தில் நேர்காணல் என்று சொல்லி, என் 33-வது பிறந்தநாளின் தேதியைக் கேட்டிருக்கிறது.

#21 கணக்கன்

தேதியைக் கேட்டார்களா? நல்ல செய்தி. கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு இடத்துக்கும் போங்கள். எரிபொருள் பிரிவுக்குப் போகும்போது அவர்கள் ஓட்டுவது கேசி-135-ஆ, கேசி-46-ஆ என்று தெரிந்துகொண்டு போங்கள்.

#22 சுழலி

சனிக்கிழமை காலையில் சீக்கிரம் போய்விடுங்கள் தம்பி. காலைக் கூட்டத்துக்கு முன்பு எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள். திரும்பி வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.